நிறம் மாறும் பாலிமர்: விஷம் குறைத்து ஒரு முதல் செல்

கண்ணாடித் துண்டு ஒன்றில் நீல மை பூசி, பேட்டரியின் எதிர்முனையோடு (மைனஸ்) இணைத்தால் அது கருநீலமாகும். கம்பிகளை மாற்றி இணைத்தால் வெளுத்துவிடும். மின்கடத்தும் பாலிமர் (சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த, பிளாஸ்டிக் வகைப் பொருள்) பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்து பார்க்க ஆசைப்படுவது இதைத்தான். ஒரு நாள் வேலை. ஆனால் கைக்குக் கிடைக்கும் செய்முறைகளில் பல அனிலின் என்ற நச்சு மூலப்பொருளில் தொடங்கிக் குளோரோஃபார்ம் என்ற நச்சுக் கரைப்பானில் போய் முடியும். அந்த இரண்டும் இல்லாமல், கூடியவரை தண்ணீரிலேயே வேலையை முடிப்பது எப்படி என்று சொல்கிறேன். கல்லூரி ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது; வீட்டுச் சமையலறையில் முயல வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையுறை, கண் கவசம், ஃபியூம் ஹூட் எல்லாம் கடைசி அரண். என்னென்ன வாங்குவது என்று பட்டியல் போடும்போதே பாதுகாப்பில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் செய்முறைக்கு ஒதுக்கிய அளவுக்குத் தேர்வுகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

நிறம் ஏன் மாறுகிறது

பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது என்றுதான் பள்ளியில் படித்தோம். 1977இல் ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் ஆகியோரின் குழு பாலிஅசிட்டிலீன் படலத்தில் அயோடின் ஆவியைப் படவிட்டு அதன் கடத்துதிறனைப் பல இலட்சம் மடங்கு ஏற்றிக் காட்டியது. 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் அந்த மூவருக்கும் கிடைத்தது.

இந்த வகைப் பாலிமர் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அதிலிருந்து சில எலக்ட்ரான்களை உருவிவிட்டால், அது விழுங்கும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். படலம் வெளிறித் தெரியும். எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கத் தொடங்கும், நிறம் திரும்பிவிடும். எலக்ட்ரான் போகும்போதும் வரும்போதும் மின்சுமையைச் சரிக்கட்ட ஓர் அயனியும் கூடவே நகர வேண்டும். ஆகவே நாம் செய்யப்போகும் செல்லுக்குத் தேவை மூன்று அடுக்கு: நிறம் மாறும் படலம், அயனி ஓடும் மின்பகுளி, எதிரே இன்னொரு மின்முனை. நடுவில் சட்னி தடவிய சாண்ட்விச் மாதிரி.

முதல் படி: பாலிமரைத் தேர்ந்தெடுங்கள்

பாலிஅனிலின் பழைய ஆள். மலிவு. மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று நிறம் காட்டும், பார்க்க அழகு. முடிந்த பாலிமரால் பெரிய தொல்லை இல்லை. அதைச் செய்யும் வழிதான் பிரச்சினை. அனிலின் தோல் வழியாகவே உடம்புக்குள் போய், இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். உதடு நீலம் பாரிக்கும் அளவுக்குப் போகலாம். வினையின்போது பென்சிடின் துணைப்பொருளாக உருவாக வாய்ப்புண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானது. போதாக்குறைக்கு வினை சூடேறும். முதலில் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். பொறுமை இழந்து, வினையை நடத்தும் ஆக்சிஜனேற்றியான அம்மோனியம் பெர்சல்ஃபேட்டை மொத்தமாகக் கொட்டினால், சில நிமிடங்கள் கழித்துப் பீக்கர் கொதிக்க ஆரம்பிக்கும். நான் படித்த காலத்தில் அப்படிக் கொட்டியவன் நான்தான். மேசையில் விழுந்த பச்சைக் கறை நான் அங்கிருந்து கிளம்பும்வரை போகவில்லை.

நான் பரிந்துரைப்பது பெடாட் (PEDOT) என்ற பாலிமர். 1980களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பேயர் நிறுவன ஆய்வகத்தில் பிறந்தது. புகைப்படச் சுருளில் நிலைமின்சாரம் சேராமல் தடுக்கும் பூச்சாக அக்பா நிறுவனம் இதைப் பயன்படுத்தியது. தனியாகப் பார்த்தால் எதிலும் கரையாத பொருள். ஆனால் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் என்ற இன்னொரு பாலிமரோடு கூட்டுச் சேர்த்தால் தண்ணீரில் நுண்துகள்களாக விரவி நிற்கும். கடையில் பெடாட்-பிஎஸ்எஸ் என்று பாட்டிலில் வரும் கருநீலத் திரவம் இதுதான். திடப்பொருள் ஏறக்குறைய 1 சதவீதம்; மீதி தண்ணீர்.

இதில் நமக்குப் பெரிய லாபம், பாலிமராக்கும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது என்பது. பெடாட்டின் மோனோமரும் (சங்கிலியாகக் கோக்கும் முன் இருக்கும் சிறு மூலக்கூறு) தோலில் படக் கூடாத சரக்குதான். அதை நாம் தொடுவதே இல்லை. "சொந்தமாகச் செய்தால்தானே ஆராய்ச்சி" என்று சில வழிகாட்டிகள் மாணவர்களை மோனோமர் பக்கம் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் செல்லுக்கு அது வீண் வேலை. செல் எப்படி நடந்துகொள்கிறது என்று கை பழகிய பிறகு தொகுப்பு வேதியியலுக்குப் போகலாம்.

பெடாட்-பிஎஸ்எஸ் வெறும் தண்ணீர் போன்றது என்று நினைத்துவிட வேண்டாம். சல்ஃபோனிக் அமிலத்தால் அதன் பிஎச் 2ஐ ஒட்டி இருக்கும், எலுமிச்சைச் சாறு மாதிரி. கண்ணில் பட்டால் எரியும். சட்டையில் பட்டால் அந்தச் சட்டை ஆய்வகச் சட்டையாகிவிடும்.

இரண்டாம் படி: தரவுத்தாளைப் படியுங்கள்

ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் 16 பகுதி கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாள் இருக்கும். முழுவதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் 2, 8, 10, 13 ஆகிய பகுதிகளையாவது படியுங்கள்: என்ன ஆபத்து, எப்படித் தற்காத்துக்கொள்வது, எதோடு சேரக் கூடாது, எப்படி ஒழிப்பது. இரண்டாம் பகுதியில் எச்340, எச்350, எச்360 என்ற எண்கள் தென்பட்டால் நில்லுங்கள். முறையே மரபணுச் சேதம், புற்றுநோய், இனப்பெருக்கத் தீங்கு. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மாற்றுத் தேடுவதுதான் முதல் வேலை. கையுறை தேடுவது அதற்குப் பிறகு.

மூன்றாம் படி: கண்ணாடி

ஒளி ஊடுருவும், மின்சாரமும் கடத்தும் கண்ணாடி வேண்டும். இரண்டு வகை கிடைக்கும். ஐடிஓ என்பது இண்டியம் டின் ஆக்சைடு பூசியது; எஃப்டிஓ என்பது ஃபுளோரின் கலந்த டின் ஆக்சைடு பூசியது. எஃப்டிஓ வாங்குங்கள். நம் மை அமிலத்தன்மை உடையது. ஐடிஓவை அது மெல்ல மெல்ல அரிக்கும், எஃப்டிஓ தாங்கும். இன்னொரு காரணம், இண்டியம் தூசு நுரையீரலுக்கு ஆகாது. ஐடிஓ தொழிலில் வேலை செய்தவருக்கு அதனால் வந்த நுரையீரல் நோய் ஜப்பானிலிருந்து 2003இல் மருத்துவ இதழில் பதிவானது. பூசிய தகட்டைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. கையில் ஏற்கெனவே ஐடிஓ இருக்கிறது என்றால், அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது, அவ்வளவுதான்.

கடத்தும் பக்கம் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளையும் பரப்பில் தொடுங்கள். சில பத்து ஓம் காட்டும் பக்கம்தான் அது. மறுபக்கத்தில் ஒரு மூலையில் மார்க்கரால் புள்ளி வைத்துவிடுங்கள். தவறான பக்கத்தில் பூசிவிட்டு அரை நாள் பேட்டரியைக் குறை சொன்னவர்கள் உண்டு.

கழுவுவதற்குச் சோப்புத் தண்ணீர், அப்புறம் வாலைவடி நீர், கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருளாமல் பரவி நின்றால் சுத்தம். சீனியர்கள் கந்தக அமிலத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து கழுவச் சொல்வார்கள். இந்த வேலைக்கு அது கொசுவுக்குப் பீரங்கி. கரிமக் கரைப்பான் மிச்சம் பட்டால் வெடிக்கவும் கூடும்.

நான்காம் படி: பூச்சு

சுழற்சிப் பூச்சுக் கருவி இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் செல்லோ டேப்பை ஒட்டுங்கள். நடுவில் சில சொட்டு மை விட்டு, ஒரு கண்ணாடிக் கம்பியை டேப்புகளின் மேல் படுக்க வைத்து ஒரே இழுப்பாக இழுங்கள். டேப்பின் தடிமன் 50, 60 மைக்ரான் இருக்கும். அந்த இடைவெளியில் ஏறக்குறைய பாதிதான் ஈரப் படலமாக நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். 30 மைக்ரான் ஈரத்தில் 1.2 சதவீதம் திடப்பொருள் என்றால், காய்ந்த பிறகு மூன்றில் ஒரு பங்கு மைக்ரான். நிற மாற்றம் கண்ணுக்குத் தெரிய அது போதும்.

மை கண்ணாடியில் ஒட்டாமல் திட்டுத்திட்டாக ஒதுங்கினால், பத்துப் பங்குக்கு ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து பாருங்கள். பூசுவதற்கு முன் 0.45 மைக்ரான் சிரிஞ்சு வடிகட்டியில் மையை வடித்தால் கட்டிகள் போகும்.

கடத்துதிறனைக் கூட்ட எத்திலீன் கிளைக்கால் சேர்க்கும்படி ஏறக்குறைய எல்லாச் செய்முறையும் சொல்லும். வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பொருள் அது. டிஎம்எஸ்ஓ இன்னொரு பரிந்துரை. அது தன்னோடு மற்ற வேதிப்பொருட்களையும் தோல் வழியாக இழுத்துக்கொண்டு போகும். நம் செல்லில் மின்சாரத்தைச் சுமக்க எஃப்டிஓ இருக்கிறதே, ஒன்றுமே சேர்க்காதீர்கள். பின்னால் கண்ணாடி இல்லாமல் காகிதத்தில் பூசும் நிலை வந்தால் சார்பிட்டாலையோ கிளிசரினையோ முயன்று பாருங்கள். இரண்டும் உணவிலும் மருந்திலும் புழங்குபவை.

பூசியதை ஹாட் பிளேட்டில் 120 டிகிரி செல்சியஸில் 15 முதல் 30 நிமிடம் வையுங்கள். ஆறியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு டிஷ்யூவால் ஒற்றுங்கள். நீலம் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சூடு வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப்பிணைப்புக்குச் சிலேன் என்ற சிலிக்கன் சேர்மம் ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். அது கண்ணுக்குக் கடும் தீங்கு செய்யும் என்பதால் முதல் முயற்சியில் தவிர்க்கிறேன். திரவத்துக்குப் பதில் கெட்டியான ஜெல் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இதே போல் இரண்டாவது கண்ணாடியிலும் பூசுங்கள். அதில் மட்டும் இரண்டு தரம்: காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. ஏன் என்று பிறகு.

ஐந்தாம் படி: மின்பகுளி ஜெல்

சமையலில் கை பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டம் எளிது. ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் வரும் உப்பு லித்தியம் பெர்குளோரேட். அதைக் கரைக்க அசிட்டோநைட்ரைல் அல்லது புரொப்பிலீன் கார்பனேட். பெர்குளோரேட் தீயை வளர்க்கும் ஆக்சிஜனேற்றி. அசிட்டோநைட்ரைல் உடம்பில் சயனைடாகச் சிதையும். இன்னொரு உப்பான லித்தியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டில் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கடும் நஞ்சு வரும். "அயனித் திரவம் (திரவமாகவே இருக்கும் உப்பு) பசுமையானது" என்று ஒரு பேச்சு உண்டு. அதே ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் உள்ள அயனித் திரவத்துக்கும் அதே கதிதான். ஆவியாகாது என்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது.

நமக்குப் பாலிவினைல் ஆல்கஹால், உப்பு, தண்ணீர் போதும். 100 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் 10 கிராம் பாலிவினைல் ஆல்கஹால் தூளைக் கிளறிக்கொண்டே தூவுங்கள். கேழ்வரகு மாவைக் கூழுக்குக் கரைப்பது போலத்தான். சுடுதண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். பிறகு 85, 90 டிகிரிவரை சூடாக்கி, தெளியும்வரை கிளறுங்கள். இறக்கியதும் 0.58 கிராம் சோடியம் குளோரைடு சேர்த்தால் 0.1 மோலார் ஆகும். சமையல் உப்பில் அயோடினும் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்த்த பொருளும் இருக்கும். ஆய்வக உப்பையே எடுங்கள். சீக்கிரம் காயாமல் இருக்க 5 மி.லி. கிளிசரின்.

சோடியம் சல்ஃபேட் இன்னும் சாதுவான உப்பாயிற்றே என்று அதைத் தாராளமாகப் போட்டுவிடாதீர்கள். பாலிவினைல் ஆல்கஹாலை அது தண்ணீரிலிருந்து பிரித்துத் தள்ளிவிடும். ஜெல் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும்.

ஆறாம் படி: அடுக்கி இணைப்பது

இரு பூச்சுகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், நடுவில் ஜெல். இதில் ஒரு சிக்கல். ஒரு பக்கம் கருக்கும்போது எதிர்ப்பக்கம் வெளுக்கும். ஊடுருவிப் பார்த்தால் இரண்டும் கலந்து, மாற்றம் மங்கலாகத் தெரியும். எளிய தீர்வு, ஜெல்லில் நனைத்த வடிதாள் ஒன்றை நடுவில் வைப்பது. முன்பக்கம் மட்டும் கண்ணில் படும்; எதிர்ப்பக்கம் வெள்ளைத் தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பலர் இதற்கு டைட்டானியம் டை ஆக்சைடு தூளை ஜெல்லில் கலப்பார்கள். அந்தத் தூளைச் சுவாசிப்பது நல்லதல்ல. வடிதாள் இருக்கையில் அது எதற்கு? சுவீடனின் நோர்ஷோப்பிங்கில் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தின் கரிம மின்னணுக் குழு பெடாட்டைக் காகிதத்திலேயே அச்சிட்டு நிறம் மாறும் திரைகளை 2000களின் தொடக்கத்திலேயே செய்துகாட்டியது. ஆகவே காகிதம் ஒன்றும் ஏழைக் குறுக்குவழி இல்லை.

முன்பக்கம் ஒற்றைப் பூச்சுக் கண்ணாடி, பின்பக்கம் இரட்டைப் பூச்சுக் கண்ணாடி. முன்பக்கம் எவ்வளவு மின்சுமை கேட்டாலும் எதிர்ப்பக்கம் ஈடுகொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இரண்டாவது பூச்சு. இரு கண்ணாடிகளையும் அரை சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வைத்தால், கிளிப் மாட்ட ஓரம் கிடைக்கும். தாமிர டேப் ஒட்டுவதாக இருந்தால் ஜெல் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் நேர்முனையில் தாமிரம் கரைந்து நீலப்பச்சை நிறம் பரவும்; அதைப் பாலிமரின் நிறமாற்றம் என்று நம்பிப் பரவசப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மின்சாரத்துக்கு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி ஒன்று போதும். அதன் 1.2 வோல்ட் நமக்கு அளவெடுத்த மாதிரி. தண்ணீர் சிதைவதற்கான வெப்ப இயக்கவியல் எல்லை 1.23 வோல்ட். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி அதைத் தாண்டிவிடும். சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மாட்டினால் நிறம் சட்டென்று மாறும், கூடவே குமிழி வரும். படலம் அளவுக்கு மீறி ஆக்சிஜனேற்றம் அடைந்து, திரும்பாத நிலைக்குப் போய்விடும். உப்பிலிருந்து குளோரின் கிளம்பவும் இடமுண்டு. அவசரத்துக்கு வோல்ட்டைக் கூட்டாதீர்கள். மாற்றம் மெதுவாக இருந்தால் ஜெல்லை மெல்லியதாக்குங்கள்.

முன்பக்கத்தை எதிர்முனையோடு இணைத்தால் அது கருநீலமாகும். சோடியம் அயனி உள்ளே நுழைகிறது, பெடாட் எலக்ட்ரானைப் பெறுகிறது. கம்பியை மாற்றினால் வெளிறிய வான்நீலம். முழுக்க நிறமற்றதாக ஆகாது. அது இந்தப் பாலிமரின் இயல்பு. இணைப்பைக் கழற்றி வைத்தால் கருநீலம் மெல்ல மெல்ல வெளுக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்வதுதான் காரணம், செல் கெட்டுவிடவில்லை.

ஏழாம் படி: அளவிடுவது

கண்ணுக்குத் தெரிகிறது என்பதோடு நின்றால் அது வேடிக்கை, எண் வேண்டும். இதற்கு வடிதாள் இல்லாத, ஒளி ஊடுருவும் செல் ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள். நிறமாலைமானி இல்லையென்றால் சிவப்பு எல்இடி ஒன்றும் ஒளி டயோடு ஒன்றும் போதும். நீலப் படலம் விழுங்குவது சிவப்புப் பக்கத்து ஒளியை. சிவப்பு எல்இடியின் 620, 630 நானோமீட்டர் அதற்குப் பொருத்தம். ஒளி டயோடு கேட்டால் கடைக்காரர் எல்டிஆர் (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் பாகம்) கொடுப்பார். அதில் இருப்பது கேட்மியம் சல்ஃபைடு. விஷம் குறைக்கும் புராஜெக்டில் கேட்மியத்தைக் கொண்டுவந்து வைப்பானேன்?

வெளுத்த நிலையில் 70 சதவீதம் ஒளி கடந்து, கருத்த நிலையில் 30 சதவீதம் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 70ஐ 30ஆல் வகுத்து, 10ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்தால் 0.37. இதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகூலோம் செலவானது என்றால், 0.37ஐ 0.002ஆல் வகுக்க 185 வரும். நிறமூட்டும் திறன் என்பது இந்த எண்தான். எவ்வளவு குறைந்த மின்சுமையில் எவ்வளவு நிறம் என்று சொல்லும். பத்தாவது சுழற்சியிலும் நூறாவது சுழற்சியிலும் இதையே அளந்து பாருங்கள். பாதுகாப்பான பொருளைப் போட்டுவிட்டு அது இருபதாவது சுழற்சியில் உரிந்து விழுந்தால் யாரும் சீந்த மாட்டார்கள்.

எட்டாம் படி: மற்ற நிறங்கள்

நீலம் அலுத்துவிட்டால் அடுத்தது என்ன? மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நிறம் நிறமாக மாறும் பாலிமர்களை உருவாக்கியதில் வேதியியலாளர் ஜான் ரெய்னால்ட்ஸின் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு; முதலில் புளோரிடா பல்கலைக்கழகத்தில், பின்னர் ஜார்ஜியா டெக்கில். பெடாட்டின் உறவுக்கார அலகுகளில் பக்கச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கரைப்பானில் கரையும்படி செய்தார்கள்.

பாதுகாப்பு வேதியியல் உண்மையில் தலையை உடைக்கும் இடம் இதுதான். இப்படிப்பட்ட பாலிமர்களைக் கோக்கப் பரவலாகப் பயன்படும் ஸ்டில் வினைக்குக் கரிம வெள்ளீயச் சேர்மம் வேண்டும். அது கடும் நஞ்சு. வெள்ளீயமே இல்லாமல் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பிலேயே நேரடியாகக் கோக்கும் ஆரைலேற்ற முறை வந்தது. படிகளும் குறைவு. ஆனால் அதற்குக் கரைப்பானாக வழக்கமாக ஊற்றுவது டைமெத்தில் அசிட்டமைடு. முன்னே சொன்ன எச்360 அதன் தரவுத்தாளில் இருக்கும். வெள்ளீயப் பேயை ஓட்டிய கையோடு இன்னொரு பேயை வீட்டுக்குள் விட்ட கதை. தாவரக் கழிவிலிருந்து கிடைக்கும் 2-மெத்தில் டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்ற கரைப்பான்களில் இதே வினையை நடத்துவது இப்போது பலர் கைவைக்கும் வேலை. புதிதாக ஆய்வுத் தலைப்புத் தேடுகிறவர்கள் இங்கே பாருங்கள்.

பூசும் கட்டத்துக்கும் ஒரு தந்திரம் உண்டு. பக்கச் சங்கிலியின் நுனியில் எஸ்டர் தொகுதியை வைத்துப் பாலிமரைச் செய்வது, காரத்தில் சூடாக்கி அதைக் கார்பாக்சிலேட் உப்பாக்குவது. இப்போது பாலிமர் தண்ணீரில் கரையும். தண்ணீரிலிருந்தே தெளித்துப் பூசலாம். காய்ந்த படலத்தை நீர்த்த அமிலத்தில் ஒரு முக்கு முக்கினால் உப்பு அமிலமாக மாறி, மறுபடி தண்ணீரில் கரையாமல் ஒட்டிக்கொள்ளும். குளோரோஃபார்மை ஏர்பிரஷ்ஷில் ஊற்றித் தூவும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். கரைப்பானைப் பனிமூட்டமாக்கி மூக்கருகே விடுவதைவிட மோசமான பூச்சு முறை எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசிப் படி: மிச்சத்தை ஒழிப்பது

மீந்த மையைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது அமிலம், தொட்டியும் நீலமாகும். கொஞ்சம் கொஞ்சமாகச் சமையல் சோடா போட்டு, நுரை அடங்கும்வரை கலக்குங்கள். பிஎச் தாள் 7ஐ ஒட்டிக் காட்டியதும் அகலமான தட்டில் ஊற்றிக் காயவிடுங்கள். பொருக்காக உதிர்வதைச் சுரண்டி டப்பாவில் போட்டு, "பெடாட்-பிஎஸ்எஸ், சோடாவால் நடுநிலையாக்கியது" என்று தேதியோடு எழுதி, திடக்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். யாராவது பக்கத்து மேசையில் பாலிஅனிலின் செய்துகொண்டிருந்தால், அவருடைய பெர்சல்ஃபேட் துடைத்த டிஷ்யூ மட்டும் உங்கள் குப்பைக் கூடையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காகிதமும் ஆக்சிஜனேற்றியும் ஒரே கூடையில் இருந்தால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு.